சத்தம் வராத படிகம்

எங்கள் பழைய ஆய்வுக்கூடத்துக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாள். குரலைக் கேட்டால் சின்னப் பெண். "மேல் அலமாரியில முப்பத்தோரு ஷாம்பெயின் பாட்டில் காலியா நிக்குது, மேடம். தூக்கிப் போட்டுடலாமா?" என்றாள்.

"தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

பாவம், பயந்துவிட்டாள். எழுபத்து மூன்று வயதில் யார் கையையும் ஒடிக்க எனக்குத் தெம்பு இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை நானே வருகிறேன், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அங்கே என்னோடு வேலை பார்த்த லாக்லனுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டேன். வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. ஆர்க்னி தீவிலிருந்து இங்கே வர ஒரு கப்பலும் மூன்று ரயிலும் மாற வேண்டும்.

அந்தப் பாட்டில்கள் எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். ஒரு புரதத்தின் உருவத்தை முழுசாகக் கண்டுபிடித்துவிட்டால் பேராசிரியர் மார்ஜரி ஹாடோ தன் அறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வருவாள். தேநீர் அறையில் எல்லாரும் நின்றுகொண்டே குடிப்போம், ஆளுக்கு ஒரு மடக்குதான் கிடைக்கும். பிறகு பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளில் கையெழுத்துப் போடுவோம். மேல் வரி படிகத்தை வளர்த்தவருக்கு. அது யார் என்பதில் அடிதடி நடக்காத பாட்டிலே கிடையாது.

நான் எனிட் பிக்கர்ஸ்கில். பட்டம் எதுவும் இல்லை. பதினெட்டு வயதிலிருந்து டாஃபி மிட்டாய் ஆலையில் சர்க்கரைப் பாகு பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பாகில் படிகம் வந்துவிட்டால் திட்டு விழும். அந்த ஆலையை மூடியதும் மார்ஜரியிடம் கண்ணாடிச் சாமான் கழுவ வந்தேன். இங்கே படிகம் வராவிட்டால் திட்டு. என் ஆயுள் பூராவும் படிகத்தோடு மல்லுக்கட்டியே போனது என்று சொன்னால் மிகையில்லை.

எந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாலும் ஒரு புரதத்தின் உருவம் தெரியாது. அத்தனை பொடிசு. கோடிக்கணக்கில் அவற்றைப் பிசகாமல் வரிசையில் நிற்க வைத்தால் ஒரு படிகம். அதன் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் புள்ளி புள்ளியாகப் படம் விழும். அந்தப் புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு உருவத்தைக் கண்டுபிடிக்கலாம். கணக்கைக் கணினி போட்டுவிடும். வரிசையில் நிற்க வைப்பதுதான் பாடு. புரதத்துக்கு மனசு வர வேண்டும். இருபத்து நான்கு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு விதமான உப்பு நீர் ஊற்றி, விளிம்பில் கிரீஸ் தடவி, சின்னக் கண்ணாடி வில்லையில் புரதத் துளி வைத்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடுவோம். தட்டைக் குளிர் அறையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில். கதவை ஓங்கிச் சாத்தினவன் அன்றைக்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

லாக்லன் கின்னியர்டு எங்களிடம் வந்தது தொண்ணூறாம் வருடம். டண்டீ ஊர்க்காரன், ஒட்டடைக்குச்சி உயரம், எதற்கெடுத்தாலும் அவசரம். அவன் கையில் எடுத்தது ஒரு கினேஸ். செல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்று உத்தரவு போடும் புரதம். தாயின் வயிற்றில் ஒரே ஒரு செல்லாக இருந்த நாம் இத்தனை பெரிய ஆளானதே அது விடாமல் போட்ட உத்தரவால்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தால் அதுதான் புற்று. உருவம் தெரிந்தால் அதன் வாயை அடைக்க ஒரு மருந்து செய்யலாம். அதனால் உலகத்தில் நாலைந்து குழுக்கள் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

அந்துப்பூச்சியின் செல்களைக் குடுவை குடுவையாக வளர்த்து, அவற்றுக்குள் மனிதனுடைய கினேஸைச் செய்ய வைத்து, பிரித்துச் சுத்தம் செய்து எடுப்பான். நாலு மாதம் பாடுபட்டால் சுண்டுவிரல் நீளக் குழாயின் அடியில் கொஞ்சம் கிடைக்கும். அதை ஐஸில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வருவான்.

"பார்த்து, எனிட். என் ரத்தம் இது."

"ரத்தம்னா சிவப்பா இருக்கணும், கண்ணு. இது தண்ணி மாதிரி இருக்கு."

முதல் வருடமே அவன் தட்டில் படிகம் வந்தது. மார்ஜரி அவசரப்பட்டுப் பாட்டிலைத் திறந்துவிட்டாள். லாக்லன் மேல் வரியில் கையெழுத்துப் போட்டு அடியில் கோடும் இழுத்தான். மறுநாள் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தால் அது வெறும் உப்பு. துளியில் இருக்கும் உப்பே சில சமயம் அழகழகாகப் படிகம் கட்டிவிடும். மார்ஜரி அந்தப் பாட்டிலின் மேல் 'சோடியம் பாஸ்பேட், 1990' என்று பெரிதாக எழுதி மற்ற பாட்டில்களுக்கு நடுவிலேயே வைத்துவிட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைக் காட்டிச் சிரித்தார்கள். லாக்லனும் சிரிப்பான், ஆனால் காது மடல் சிவந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் அந்த விதி வந்தது. எனிட் அழுத்திப் பார்க்காமல் எந்தப் பாட்டிலும் திறக்கப்படாது.

அழுத்துவது என்பது வேறொன்றுமில்லை. நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, படிகத்தை ஊசி முனையால் அழுத்த வேண்டும். உப்பாக இருந்தால் எதிர்த்து நிற்கும், பிறகு 'டிக்' என்று சத்தத்தோடு தெறிக்கும். புரதமாக இருந்தால் சத்தமே வராது. டீயில் நனைத்த பிஸ்கட் போல அப்படியே உதிரும். வழக்கமாக ஒரு துளியில் பத்து இருபது படிகம் இருக்கும், ஒன்றை உடைத்தால் நஷ்டமில்லை. என் ஊசி தையல் ஊசிதான், ஒரு தக்கையில் செருகி வைத்திருப்பேன். தொண்டை மிட்டாய் வரும் தகர டப்பாவில் போட்டு, டப்பாவை என் வெள்ளை அங்கியின் பையில் வைத்து, அங்கியைக் குளிர் அறை வாசலில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் மாறியதில்லை.

லாக்லனுக்கு இன்னும் இரண்டு தடவை படிகம் வந்தது. இரண்டு தடவையும் 'டிக்'. இரண்டாவது தடவை மார்ஜரி சிரிக்கவில்லை. "செப்டம்பரோட உன் ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்கச் சொல்லி எழுதறேன். ஆனா இன்னொரு உப்பு வந்துச்சுன்னா எழுத என்கிட்ட வார்த்தை இல்லப்பா" என்று தேநீர் அறையிலேயே சொன்னாள். அவன் கோப்பையைக் குடிக்காமலே வைத்துவிட்டுக் குளிர் அறைக்குப் போனதை நான் பார்த்தேன்.

தொண்ணூற்று மூன்று பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. காலைத் தேநீருக்கு மணி அடித்த நேரம். குளிர் அறையிலிருந்து லாக்லன் தலையை மட்டும் நீட்டினான்.

"எனிட். வாங்க. மூச்சு விடாம வாங்க."

நாலாவது குழியில் ஒரே ஒரு படிகம். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். முனைகள் எல்லாம் சீவியது போலக் கூர்மை. அவ்வளவு லட்சணமாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. புரதப் படிகம் பெரும்பாலும் மழுங்கித்தான் இருக்கும். மணமேடை அலங்காரத்தோடு வந்து நிற்பது உப்புதான்.

"ஊசியை எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"ஐயோ, வேணாம்! ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உடைச்சிட்டா?"

"உடைக்காம எப்படித் தெரியும்?"

"புதன்கிழமை செஷயர்ல நேரம் கெஞ்சி வாங்கியிருக்கேன். வேற குழு விட்டுக்கொடுத்தாங்க. நேரா அங்க கொண்டுபோய் வெச்சுப் பார்த்துடறேன்."

செஷயரில்தான் எக்ஸ்ரே உண்டாக்கும் அந்தப் பெரிய வட்ட இயந்திரம் இருந்தது, நம் கூடத்து எக்ஸ்ரேயைவிட ஆயிரம் மடங்கு வீரியம். நம் கூடத்தில் வைத்தால் ஒற்றைப் படிகம் முழுப் படம் விழுவதற்குள் கருகிவிடும். அங்கே ஒரு நாள் கிடைக்கப் பலர் வரிசையில் நின்றார்கள். அடுத்தவர் விட்டுக்கொடுத்த நாளில் உப்பைக் கொண்டுபோய் வைத்தான் என்று தெரிந்தால், செப்டம்பர் வரைகூட அவன் தலை தப்பாது. அதை அவனிடம் சொன்னேன்.

"தொடாதீங்க, எனிட். சத்தியம் பண்ணுங்க."

"நான் சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். போய் டீ குடி."

அன்று ராத்திரி அவன் டண்டீக்கு ரயில் ஏறினான். சனிக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். மார்ஜரி லண்டனில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள், செவ்வாய்தான் வருவாள்.

சனிக்கிழமை காலை குளிர் அறையின் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன். வாரா வாரம் வருவதுதான். கட்டடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், என் ஊசி நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் தக்கையோடு கிடந்தது. பையில் டப்பா காலி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கே வைத்தேன் என்று மறந்துபோகிற வயசா எனக்கு, நாற்பத்து மூன்றுதானே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஊசி கண்ணில் படாமல் இருந்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கண்ணில் பட்டது. கையில் எடுத்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. உப்பாக இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். திங்கட்கிழமை அவன் செஷயருக்குப் போன் செய்து நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மார்ஜரிக்குத் தெரியவே வேண்டாம். நான்கு பேர் சிரிப்பதற்கு முன்னால் நான் ஒருத்தி மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேனே. அது உப்பு என்பதில் எனக்கு அத்தனை நிச்சயம் இருந்தது.

நாலாவது குழியின் வில்லையைத் திருப்பி நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தேன். ஊசி முனையைப் படிகத்தின் நடுவில் வைத்து அழுத்தினேன்.

சத்தம் வரவில்லை.

காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். ஊசிக்குக் கீழே அது மெத்தென்று பிளந்து, மூன்று துண்டாகி, துண்டு ஒவ்வொன்றும் பொடியாகியது. குளிர் அறையின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. உலகத்தில் நாலைந்து குழுக்கள் தேடிக்கொண்டிருந்த ஒன்றை நான் பிஸ்கட் பொடியாக்கி வைத்திருந்தேன். அவனுடைய மூன்று வருடம் அது.

அழ நேரமில்லை. திறந்த துளி சீக்கிரம் காய்ந்துவிடும். ஐஸ் பெட்டியைத் திறந்தேன். லாக்லனின் கடைசிக் குழாய் இருந்தது, நாலு மாத உழைப்பு. அவனைக் கேட்காமல் அதில் கை வைப்பது முதல் குற்றத்தைவிடப் பெரிய குற்றம். எடுத்தேன். நாலாவது குழியில் இருந்த அதே உப்பு நீரைக் கலந்து புதுத் தட்டில் இருபத்து நான்கு குழியிலும் ஊற்றி, இருபத்து நான்கு துளி வைத்தேன். குழாய் துடைத்தது போல் காலி.

என் வீட்டுப் பூனைக்குப் பட்டன் என்று பெயர். அது உதிர்க்கும் மீசை முடியை எல்லாம் ஒரு தீப்பெட்டியில் சேர்த்துக் கூடத்து மேசையில் வைத்திருப்பேன். எங்கள் தொழிலில் அதற்கு மவுசு அதிகம். பூனை மீசை போல நுனி மெலிந்து, வளைந்து கொடுத்து, பொடியைப் பிடித்துக்கொள்ளும் சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு முடியை எடுத்து உடைந்த படிகத்தின் பொடியில் தோய்த்து, புதுத் துளி ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான் இதுவும். பொடியில் ஒரு துணுக்கு போனாலும், அதைப் பார்த்து மற்றவை வரிசையில் வந்து நிற்கலாம். நிற்காமலும் போகலாம்.

திங்கட்கிழமை காலை லாக்லன் காகிதக் கைக்குட்டையில் கல்யாணக் கேக் சுற்றிக்கொண்டு வந்தான். என் மேசையில் வைத்தான். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"லாக்லன், நான் அழுத்திட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். "சத்தம் வந்துச்சா?"

"வரல."

முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். மிச்சத்தையும் சொன்னேன், குழாயைக் காலி செய்ததையும் சேர்த்து. கத்துவான், தட்டைத் தூக்கி எறிவான், மார்ஜரியிடம் போவான் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவன் எழுந்து போய் செஷயருக்குப் போன் செய்து புதன்கிழமை வேண்டாம் என்றான். அடுத்த நாள் கிடைக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். "சரி" என்று வைத்துவிட்டான்.

அதன் பிறகு ஒன்பது நாள் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. உப்பு வேண்டும், கையுறை வேண்டும் என்று கேட்பான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேக்கை எறியவும் மனசில்லை, தின்னவும் மனசில்லை, அது மேசையிலேயே கல்லாகிப் போனது.

ஒன்பதாம் நாள் தட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் குழியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பட்டனின் மீசை போன தடம் தெரிந்தது. அந்தத் தடம் முழுக்க, பாசிமணி கோர்த்தது போல, படிகங்கள். பதினேழு குழியில் அப்படி இருந்தது. நடைவழியில் போய் நின்று கையை மட்டும் ஆட்டினேன்.

லாக்லன் வந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"வரிசையா நிக்குது" என்றான்.

"ஆமா, கண்ணு."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது, எனிட்." பிறகு விம்மி விம்மி அழுதான். நானும் அழுதேன். நுண்ணோக்கி நனைந்துவிடும் என்று அவனைத் தள்ளிவிட்டது ஞாபகம் இருக்கிறது.

அந்த வசந்தத்தைப் போல ஒரு வசந்தம் எனக்கு வாய்த்ததில்லை. ஏப்ரலில் செஷயரில் படம் பிடித்தார்கள். சின்ன ஒற்றைப் படிகத்தைவிட நாலு மடங்கு பெரிய படிகங்கள், இரண்டு நாள் எக்ஸ்ரேயைத் தாங்கின. பிறகு இருட்டறையில் அந்தப் பெரிய திரைக் கணினி. உருவம் புடைத்துத் தெரிவதற்காக லாக்லன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குமிழ்களைத் திருகித் திருகி, புரதச் சங்கிலியை அணு அணுவாகப் பொருத்துவான். பத்தரைக்குத் தேநீர். மார்ஜரி வீட்டிலிருந்து இஞ்சிக் கேக் வரும். வானொலியில் கிரிக்கெட். யாராவது ஓடிவந்து "இன்னொரு பகுதி பொருந்திடுச்சு" என்பார்கள், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாரும் இருட்டறைக்கு ஓடுவோம். இப்போது படிகம் வளர்ப்பதற்கு இயந்திரக் கை இருக்கிறதாம். புரதத்தைத் தொடுவதற்கு முன்பே கணினி அதன் உருவத்தைச் சொல்லிவிடுகிறதாம். சொல்லட்டும். கோப்பையோடு ஓடுகிற சுகம் அதற்கு என்ன தெரியும்?

ஜூன் மாதம் முழு உருவமும் வந்தது. இரண்டு பாதி, நடுவில் ஒரு வாய். வாய்க்குக் குறுக்கே சங்கிலியின் ஒரு வளையம் விழுந்து அடைத்திருந்தது. இந்தப் புரதத்துக்கு ஒரு ஜோடிப் புரதம் உண்டு, அது வந்து சேர்ந்து இழுத்தால்தான் வளையம் விலகும். மார்ஜரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள், "ஜோடி வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதாம். நம்ம லாக்லன் மாதிரியே இருக்கு." எல்லாரும் சிரித்தோம்.

பாட்டில் திறந்தோம். லாக்லன் பேனாவை முதலில் என்னிடம் நீட்டினான். மேல் வரி எனக்கு என்றான். நான் மாட்டேன் என்று அடி மூலையில் போட்டேன். "அப்ப நீ போடு" என்றாள் மார்ஜரி. அவனும் நடுவில் எங்கேயோ போட்டான். மேல் வரி காலியாகவே நின்றது. முப்பத்தோரு பாட்டிலில் அப்படி நின்றது அது ஒன்றுதான்.

ஜூலையில், எங்கள் கட்டுரையைத் தபாலில் சேர்க்க வேண்டிய அதே வாரம், கடலுக்கு அப்பால் இருந்த ஒரு குழுவின் கட்டுரை பத்திரிகையில் வந்துவிட்டது. அதே புரதம், அதே இரண்டு பாதி, வாயை அடைத்த அதே வளையம். மார்ஜரி அந்தப் பத்திரிகையைத் தேநீர் மேசையில் விரித்து வைத்தாள். அன்று யாரும் டீ குடிக்கவில்லை. எங்கள் கணக்கில் ஒரு பிசகு கிடையாது, ஆனால் நாங்கள் இரண்டாவது. கட்டுரை சின்னப் பத்திரிகை ஒன்றில் வந்தது, அதில் என் பெயரையும் சேர்த்திருந்தான். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒப்பந்தம் நீளவில்லை. செப்டம்பரில் லாக்லன் ஆர்க்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனான்.

ஆறு வாரம். அந்தப் புதன்கிழமைக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் போன ஆறு வாரம். அந்த ஒற்றைப் படிகத்தை நான் விட்டுவைத்திருந்தால்? அது ஒரு மணி நேரத்தில் எக்ஸ்ரேயில் கருகியிருக்கலாம். முழுப் படத்தையும் கொடுத்திருக்கவும் செய்யலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் கார்டு வரும்போது, ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையைத் தீவுக்கு ஓட்டியவள் நான்தான் என்றே தோன்றும். முப்பது கார்டு. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது லாக்லன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வெள்ளை. மற்றபடி அதே ஒட்டடைக்குச்சி.

"கதவை மெதுவா சாத்திட்டு வரணுமா?" என்றான்.

"இடிக்கப்போற கட்டடம். ஓங்கியே சாத்து."

பாட்டில்களை இறக்கி வரிசையாக வைத்தோம். மார்ஜரி போய் நாலு வருடம் ஆகிறது, அவள் கையெழுத்தின் மேல் இருந்த தூசியை அவன் சட்டைக் கையால் துடைத்தான். சோடியம் பாஸ்பேட் பாட்டிலைக் கண்டதும் அவன் காது மடல் மறுபடி சிவந்தது. அடுத்து அந்தப் பாட்டில். தாள் பழுப்பேறியிருந்தது. மேல் வரி காலி.

"நீங்க ஏன் மேல போடல, எனிட்?"

"உடைச்சவ எப்படிடா போடுவேன்? சரி, நீ ஏன் போடல?"

அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். "ஊசியை நான்தான் வெளிய எடுத்து வெச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுக்குப் போனப்புறம், நான் ரயிலுக்குப் போறதுக்கு முன்னாடி. உங்க அங்கிப் பையிலேர்ந்து எடுத்தேன். நானே அழுத்திப் பார்க்கத்தான் எடுத்தேன். கை வரல. இன்னொரு 'டிக்' கேக்கத் தைரியம் இல்ல. அதனால நுண்ணோக்கிக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போனேன். சனிக்கிழமை நீங்க வருவீங்கன்னு தெரியும். தொடாதீங்கன்னு சொன்னா தொடுவீங்கன்னும் தெரியும்."

"உப்பா இருந்தா?"

"உங்க வாயால கேட்டுக்கலாம். யாரும் சிரிக்க மாட்டாங்க."

"புரதமா இருந்தா?"

பாட்டிலின் காலி வரியை விரலால் தடவினான். "பழி உங்க மேல. என் மேல இல்ல."

அந்த ஒன்பது நாள் மௌனம் என் மேல் இருந்த கோபம் என்றுதான் முப்பது வருடமாக நம்பியிருந்தேன். அது வெட்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோடியம் பாஸ்பேட் பாட்டிலை எடுத்து அவன் மண்டையில் போட்டிருப்பேன்.

"முப்பது கார்டு அனுப்புனியேடா! அதுல ஒரு வரி எழுத இடமில்லையா?"

"எழுதுவேன். எல்லா வருஷமும் எழுதுவேன். அப்புறம் அதைக் கிழிச்சிட்டு வேற கார்டு வாங்குவேன்."

எழுந்து குளிர் அறைக்குப் போனேன், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மோட்டாரை என்றைக்கோ நிறுத்திவிட்டார்கள், உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கீழ் அலமாரியில் பழைய தட்டுகள் தூசியோடு கிடந்தன. ஒன்றின் ஓரத்தில் 'லா.கி.' என்று அவன் கையெழுத்து. துளிகள் எப்போதோ வற்றி, குழிக்குக் குழி பளபளவென்று படிகம் கட்டியிருந்தது. எல்லாம் கூர்மையாக, அலங்காரமாக. நுண்ணோக்கி இன்னும் மேசையில்தான் இருந்தது. தட்டை அதன் கீழே வைத்தேன். தகர டப்பாவைத் திறந்தேன். ஆமாம், ஓய்வு பெற்ற பிறகும் அது என் கைப்பையில்தான் இருக்கிறது.

"இங்க வா" என்றேன்.

வந்தான். ஊசியை அவன் கையில் கொடுத்தேன்.

"அழுத்து."

"எனிட், இது உப்புதான்னு பார்த்தாலே தெரியுது."

"பார்த்தா தெரியாது. அழுத்து."

அவன் குனிந்தான். ஐம்பத்தொன்பது வயதுக்காரன், ஊசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஊசி இறங்கியது.

'டிக்'.

அந்தக் காலி அறையில் அது நன்றாகவே கேட்டது. லாக்லன் கண்ணை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது, சிரிக்கிறானா அழுகிறானா என்று நான் கேட்கவில்லை.

"உப்பு" என்றான்.

"அவ்வளவுதான். செத்தா போயிட்ட?"

ஊசியைத் தக்கையில் செருகி என் டப்பாவில் வைக்கக் கை நீட்டினான். நான் டப்பாவை மூடிவிட்டேன்.

"வேணாம். அன்னைக்கு எடுத்தது நீ. நீயே வெச்சுக்கோ."